பக்கம்தான் என்று சொன்னவர்

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் பிரயோஜனம் இல்லை. யாராவது இதைப் படித்துவிட்டு அவரிடம் போய், "இது நீங்கதானே?" என்று கேட்டால், "நான் இல்லப்பா, அது எங்க அண்ணன்" என்று சொல்லிவிடுவார். அவருக்கு அண்ணன் கிடையாது. மூன்று அக்காக்கள்தான்.

சென்னைக்கு வடக்கே, புதுவாயல் கூட்டுரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் மூன்று போர்ஷன். முதல் போர்ஷனில் அவர் தனியாக இருந்தார். மனைவி காலமாகிவிட்டாள், ஒரே மகளை ஆந்திரா பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார். நடு போர்ஷனில் நானும் என் வீட்டுக்காரரும். கடைசியில் ஒரு வயதான தம்பதி. ஆட்டோக்காரர் என்னைத் 'தங்கச்சி' என்பார், அதனால் என் வீட்டுக்காரர் அவருக்கு 'மாப்ள'. இந்த மாப்ள கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர்.

ஆட்டோக்காரரிடம் கெட்ட பழக்கம் என்று ஒன்றும் கிடையாது. குடி இல்லை, பீடி இல்லை, வாயில் கெட்ட வார்த்தை வராது. ஆனால் பொய் சொல்வார். மூச்சு விடுவதுபோலச் சொல்வார்.

காலையில் ஸ்டாண்டில் ஆட்டோ காலியாக நிற்கும். உள்ளே ஒரு ஈ காக்கா இருக்காது. இவர் வெளியே நின்றுகொண்டு, "ஏறும்மா ஏறு, கடைசி சீட்டு, தோ எடுத்துட்டேன்" என்பார்.

"இன்னாய்யா, வண்டில ஒருத்தரும் இல்ல, கடைசி சீட்டுன்ற?"

"எல்லாம் டீ குடிக்கப் போயிருக்காங்கம்மா."

தொழிலுக்காகச் சொல்லும் பொய் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் அவருக்கு ஒரு பைசா லாபமில்லாத பொய்கள். சிறுவாபுரி முருகனைப் பார்க்கச் செவ்வாய்க்கிழமை வெளியூரிலிருந்து வரும் கூட்டத்துக்கு அளவில்லை. வரிசை கோயிலைச் சுற்றிக்கொண்டு தெரு வரைக்கும் நிற்கும். கைக்குழந்தையோடு பஸ்ஸிலிருந்து இறங்கும் பெண்கள் பயந்துபோய், "கூட்டமா இருக்காண்ணா?" என்று கேட்பார்கள். "கூட்டமே இல்லம்மா. முருகன் தனியா ஒக்காந்துக்கினு கீறாரு. நீங்க போனா அவருக்கும் பேச்சுத் துணையாச்சு" என்பார். எப்படியும் ஏறப்போகிற அந்தப் பெண், சிரித்துக்கொண்டே ஏறுவாள். அங்கே போய் வரிசையைப் பார்த்து என்ன சொல்வாளோ, அது இவர் காதுக்கு வராது. அதற்குள் வண்டியைத் திருப்பியிருப்பார்.

பக்கத்து ஆரணி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஊசிக்குப் பயந்து அழுத ஒரு சின்னப் பெண்ணிடம், "அழாத கண்ணு, டாக்டரு ஊசிய எலி தூக்கிக்கினு போயிடுச்சு, நேத்துல இருந்து தேடிக்கினு கீறாங்க" என்று சொன்னதை நானே வண்டியில் உட்கார்ந்து கேட்டேன். அந்தக் குழந்தை ஆரணி வரைக்கும் எலியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தது.

தூரம் கேட்டால் போதும். எந்த ஊர், எந்தக் கோயில், எந்தக் கம்பெனி கேட்டாலும் அவருக்கு ஒரே பதில்தான். "தோ, பக்கம்தான்."

எனக்கு இது ஆகவே ஆகாது. எங்கள் அப்பா கண்டிப்பானவர். சாமி படத்துக்கு முன்னால் நிற்க வைத்து, "இன்னிக்கு என்னென்ன சொன்ன, எல்லாம் நெஜமா?" என்று கேட்டுவிட்டுத்தான் சாப்பாடு போடச் சொல்வார். அந்தப் பழக்கம் எனக்கு ஊறிப்போய்விட்டது. ஒருநாள் பொறுக்காமல் இவரிடமே சொன்னேன்.

"அண்ணா, பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கெடைக்காதுண்ணா."

"எனக்கு மூணு வேளையும் கெடைக்குதே தங்கச்சி. காலைல நாஷ்டா ரெண்டு வாட்டி."

என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து சிரித்தது வாசல் வரைக்கும் கேட்டது.

எல்லாப் பொய்யும் சிரிப்பில் முடியவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கடைசி போர்ஷன் பெரியவருக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்தார்கள். அந்த அம்மா இரண்டு நாளாகச் சாப்பிடாமல் கிடந்தாள். இவர் லேபுக்குப் போய்விட்டு வந்ததாகவும், எல்லாம் நார்மல் என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னார். அந்த அம்மா சந்தோஷத்தில் பால் பாயசம் வைத்து எங்களுக்கெல்லாம் கொடுத்தாள். மறுநாள் நிஜமான ரிப்போர்ட் வந்தது. நார்மல் இல்லை. பெரியவருக்கு வைத்தியம் பார்த்துச் சரியானது வேறு விஷயம். ஆனால் அந்த அம்மா ஒரு வருஷம் இவரோடு பேசவில்லை. இவர் எதிரில் வந்தால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

"எதுக்குண்ணா இப்படிப் பண்றீங்க?" என்று கேட்டேன்.

ஆட்டோ ஹாண்டில்பாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நெஜம் எப்படியும் அதுவா வந்து சேர்ந்துடும் தங்கச்சி. அதுக்கு நான் எதுக்கு வண்டி ஓட்டணும்? அந்தம்மா ஒரு ராத்திரி தூங்கிச்சா இல்லியா, அத்த சொல்லு" என்றார்.

என் மனசு ஒப்பவில்லை.

அந்தக் கோடை வந்தது.

கொரோனா ஊரடங்கு என்று ஒரு செவ்வாய்க்கிழமை டிவியில் சொன்னார்கள். "மூணு நாள்ல தொறந்துடுவாங்க மாப்ள, சும்மா பயம் காட்றாங்க" என்றார் இவர். கம்பெனி மூடியது. கடைகள் மூடின. இவருடைய ஆட்டோ தார்ப்பாய் போர்த்திக்கொண்டு வேப்பமரத்தடியில் படுத்துவிட்டது. ஒரு நிமிஷம் ஓயாத கல்கத்தா ரோடு எங்கள் வீட்டுக்குப் பின்னால் சத்தமே இல்லாமல் கிடந்தது. அந்த அமைதியில் எனக்குத் தூக்கம் வரவில்லை. அத்தனை வருஷம் லாரிச் சத்தத்தில் தூங்கிப் பழகியவள்.

கோயிலையும் சாத்திவிட்டார்கள். எனக்கு அதுதான் பெரிய அடி. சொந்த வீடு அமைய வேண்டும் என்று ஆறு செவ்வாய் தொடர்ந்து சிறுவாபுரிக்கு வருவதாக வேண்டிக்கொண்டிருந்தேன். விட்டுப்போகாமல் ஆறு வாரம் போகவேண்டும், அதுதான் கணக்கு. நாலு வாரம் முடிந்திருந்தது. அஞ்சாவது வாரம் பக்தர்களை உள்ளே விடவில்லை. நான் வீட்டில் உட்கார்ந்து அழுதேன். வியாதிக்குக்கூட அப்படி அழவில்லை.

இவர் அடுத்த நாள் வந்து வாசலில் நின்றார். "குருக்களப் பார்த்தேன் தங்கச்சி. உன் விசயத்தச் சொன்னேன். 'நடை சாத்துனது நாங்க, அவங்க தப்பு ஒண்ணும் இல்ல, தொறந்ததும் விட்ட எடத்துல இருந்து அஞ்சாவது வாரமா வரச் சொல்லு, முருகன் கணக்கு வெச்சுக்கினு இருப்பாரு'ன்னாரு."

எனக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அன்றைக்கு ராத்திரிதான் தூங்கினேன்.

பல மாதம் கழித்துக் கோயில் திறந்ததும் போய், அந்த வயதான குருக்களிடம் நன்றி சொன்னேன். அவர் முழித்தார். "நான் சொன்னேனா? நான் ஊர்லயே இல்லையேம்மா. ஊரடங்கு பூரா பொண்ணு ஆத்துல மாட்டிண்டிருந்தேன்" என்றார். எனக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. சாமி காரியத்திலேயே பொய்யா! குருக்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆனா கேட்டிருந்தா அதையேதாம்மா சொல்லியிருப்பேன்" என்று விபூதி கொடுத்தார். ஐந்தாவது வாரமும் ஆறாவது வாரமும் முடித்தேன். அது போகட்டும்.

வடக்கத்தி ஆட்கள் நடக்க ஆரம்பித்தது சித்திரை மாதத்தில். முதலில் பத்துப் பேர், இருபது பேர். பிறகு எறும்புச் சாரி மாதிரி. சென்னைப் பக்கமிருந்து, தலையில் மூட்டை, கையில் பெயின்ட் வாளியில் துணிமணி, வடக்கே பார்த்து நடந்துகொண்டே இருந்தார்கள். கட்டட வேலை செய்தவர்கள், ஹோட்டலில் பாத்திரம் கழுவியவர்கள், செங்கல் சூளையில் இருந்தவர்கள். வேலையும் இல்லை, சோறும் இல்லை, ரயிலும் இல்லை. சொந்த ஊருக்கு நடந்தே போவது என்று கிளம்பிவிட்டார்கள். டிவியில் வேறு ஊர் ரோடுகளைக் காட்டினார்கள். எங்களுக்கு டிவி தேவைப்படவில்லை, பின்வாசலைத் திறந்தால் போதும்.

நானும் கடைசி போர்ஷன் அம்மாவும் ரேஷன் அரிசியில் கஞ்சி வைத்தோம். என் வீட்டுக்காரர் ஒரு டிரம்மில் தண்ணீர் பிடித்துக் கொண்டுபோய் சர்வீஸ் ரோட்டுப் புளியமரத்தடியில் வைத்தார். ஆட்டோக்காரர் டம்ளரில் மொண்டு கொடுப்பார். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, கை நீட்டித் தூரமாக நின்று கொடுப்பார்.

நடந்து வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள். ஆந்திரா எவ்வளவு தூரம்? இவருக்கு இந்தியில் தெரிந்தது இரண்டே வார்த்தை. "பாஸ் மே, பாஸ் மே!" அதாவது, பக்கம்தான்.

"அண்ணா! பார்டருக்கு இருவது கிலோமீட்டருக்கு மேல கீது. அதுக்கப்புறம் ஆந்திரா முழுசும் தாண்டணும். பக்கம்னு சொல்றீங்களே, நியாயமா?"

"தங்கச்சி, அவன் ஊர்ல இருந்து இங்க வந்த தூரத்தப் பாரு. அதுக்கு இது பக்கம்தானே?"

"நெஜத்தச் சொன்னாத்தானே அவங்க யோசிச்சு முடிவு எடுப்பாங்க?"

"நீ சொல்லிப் பாரேன்" என்றார்.

சொல்லிப் பார்த்தேன். அந்தக் கதையைத்தான் இப்போது சொல்ல வருகிறேன்.

கத்திரி ஆரம்பித்து ஒன்றிரண்டு நாள் இருக்கும். உச்சி வெயிலில் ஒன்பது பேர் வந்தார்கள். எல்லாரும் ஒரிசாக்காரர்கள். முன்னால் வந்தவன் பெயர் கைலாஷ். முப்பது வயதுக்குள்தான். நாலைந்து வருஷம் சூளையிலும் கட்டடத்திலும் இருந்ததால் தமிழ் பேசினான். செருப்பு ஒன்று அறுந்து, துணியால் சுற்றியிருந்தான். அந்தத் துணி பாதத்தோடு ஒட்டிக்கொண்டு பழுப்பு நிறத்தில் இருந்தது. பார்க்கவே முடியவில்லை.

ஆட்டோக்காரர் வாயைத் திறப்பதற்குள் அவன் என்னைப் பார்த்துச் சொன்னான். "அக்கா, வழி பூரா எல்லாரும் பக்கம் பக்கம் சொல்றான். நீ உண்மை சொல்லு. என் ஊரு எத்தனை நாள் நடக்கணும்?"

எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பார்த்தீர்களா, உண்மையைக் கேட்கிறவனும் இருக்கிறான் என்று அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னேன். "ஆயிரம் கிலோமீட்டர் இருக்கும்பா. நடந்தா இருபத்தஞ்சு நாளாவது ஆவும்."

நான் நினைத்தது என்ன? அவன் மலைத்துப்போய், சரி, இங்கேயே தங்கிவிடலாம் என்பான் என்று. அவன் விரல் விட்டு எண்ணினான். கையில் இருந்த கஞ்சி டம்ளரைக் கீழே வைத்தான். "அப்போ நிக்க நேரம் இல்லை" என்று மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டான்.

அவனுக்குப் பெண் குழந்தை பிறந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. தலைப்பிள்ளை. போனில்தான் அழுகைச் சத்தம் கேட்டிருக்கிறான். அவர்கள் ஊரில் இருபத்தோராம் நாள் பெயர் வைப்பார்களாம். அப்பன்காரன் மடியில் வைத்துத்தான் பெயர் சொல்ல வேண்டுமாம். "பதினாறு நாள் இருக்கு. நான் வேகமா நடக்கிறேன். ராத்திரியும் நடக்கிறேன்" என்றான். மற்ற எட்டுப் பேரும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு எழுந்தார்கள். அதில் ஒருவனுக்கு நிற்கும்போதே கால் ஆடியது. ரோட்டில் தார் உருகிக்கொண்டிருந்தது.

என் வாயால் சொன்ன உண்மை அவனை அடுப்புக்குள் தள்ளுகிறதே என்று ஆகிவிட்டது எனக்கு. "வெயில் தாழட்டும்பா" என்றேன். அவன் கேட்கவில்லை.

அப்போதுதான் இவர், டம்ளரைக் கழுவிக்கொண்டே, என்னவோ சாதாரண விஷயம் மாதிரி சொன்னார். "ஏம்பா நைனா, ட்ரெய்ன் உடறாங்களே, அத்த உட்டுட்டு ஏன் நடக்கற?"

"ட்ரெய்னா?"

"ஆமா. ஒரிசாவுக்கு ஸ்பெசல் ட்ரெய்ன். பேர் எழுதிக்கினு கீறாங்க. ரெண்டே நாள்ல ஊர்ல எறக்கிடுவான். இன்னிக்கு நாளைக்கு சொல்லிடுவாங்க. உனக்குத் தெரியாதா?"

அப்படி ஒரு ரயில் இருப்பதாக எங்கள் யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது. கைலாஷ் என் முகத்தைத் திரும்பிப் பார்ப்பதற்குள் நான் டிரம்மின் மூடியைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன்.

மூட்டை இறங்கியது.

பக்கத்தில் கட்டி முடிக்காத கல்யாண மண்டபம் ஒன்று இருந்தது. அதன் சொந்தக்காரரிடம் பேசி ஒன்பது பேரையும் அங்கே தங்க வைத்தார். அவரிடம் என்ன பொய் சொன்னாரோ, நான் கேட்கவில்லை. கடைசி போர்ஷன் அம்மா மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கால் புண்ணுக்குக் கொடுத்தாள். அந்தச் சாக்கில் இவரோடு பேசவும் ஆரம்பித்தாள். "இந்தாய்யா பொய்யி, இத்த அந்தப் புள்ளைங்களுக்குக் குடு" என்பாள். அதற்கப்புறம் அவருக்கு அவள் வைத்த பெயர் அதுதான்.

தினம் காலையில் கைலாஷ் வந்து நிற்பான். ட்ரெய்ன் என்ன ஆச்சு? தினம் இவரிடம் ஒரு புதுப் பதில் இருக்கும். இன்ஜின் வந்துவிட்டது, பெட்டி கழுவுகிறார்கள், பெரிய ஆபீசர் கையெழுத்துப் போடவேண்டும், அவருக்கு நேற்று வயிற்றுப்போக்கு. ஒருநாள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போய் ஒன்பது பேரின் பெயர், ஆதார் நம்பர் எல்லாம் எழுதிக்கொண்டு வந்தார்.

"பொய்க்கு நோட்டு வேறயாண்ணா?" என்று நான் கத்தியேவிட்டேன். "தெரிஞ்சா அந்தப் பையன் மனசு வெடிச்சுப் போயிடும்."

என் வீட்டுக்காரர் இடையில் வந்தார். "உடு. கால் புண்ணாவது ஆறட்டும். ரோட்ல போயி உழுந்தா யார் தூக்கறது?"

"அதுக்காக?"

"நீயே சொல்லேன், வேற இன்னா சொல்லி அவன நிறுத்துவ?"

அந்த வாரம் முழுக்க எனக்குப் பேஜாராகப் போனது. முருகன் படத்துக்கு முன்னால் நின்றால் வார்த்தை வரவில்லை. யார் பக்கம் வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. கைலாஷ் மூட்டையோடு நின்றான். காலில் புதுத் துணி சுற்றியிருந்தான். பின்னால் ஆட்டோக்காரர்.

"அக்கா, நான் போறேன். இவர் தினம் ஒண்ணு சொல்றார்." கொஞ்சம் நிறுத்தினான். "நீ பொய் சொல்லமாட்டே. அன்னிக்கு நீ மட்டும்தான் உண்மை சொன்னே. நீ சாமி கும்பிடற ஆள். விளக்கு எரியுது. இப்ப சொல்லு. ட்ரெய்ன் வருமா?"

நான் ஆட்டோக்காரரைப் பார்த்தேன். எப்போதும் கண்ணைச் சிமிட்டுவார், தலையை ஆட்டுவார், இடையில் புகுந்து ஏதாவது சொல்வார். அன்றைக்கு ஒன்றும் செய்யவில்லை. துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரிடம் பொய் தீர்ந்துபோய் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

வராது, எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றால் அவன் அந்த நிமிஷமே நடப்பான். அந்தக் காலோடு ஆந்திராவில் நாயுடுபேட்டையைக்கூடத் தாண்டமாட்டான். வரும் என்றால், எரிகிற விளக்குக்கு முன்னால் பொய். தீக்குச்சி என் விரலைச் சுட்டது. அப்போதுதான் அது இன்னும் கையில் இருப்பதே தெரிந்தது.

"வரும்பா" என்றேன். "வரும். இரு."

அவன் என்னையே பார்த்தான். பிறகு மூட்டையை இறக்காமலே திரும்பி மண்டபத்துப் பக்கம் நடந்தான்.

அவன் போனதும் நான் ஆட்டோக்காரரைப் பிடித்துக்கொண்டேன். "என்னப் பாவத்துல தள்ளிட்டீங்களேண்ணா! இத்தன வருசமா ஒரு பொய் சொன்னது இல்ல."

"அதனாலதான் தங்கச்சி அது நின்னுச்சு" என்றார் மெதுவாக. "நான் சொன்னா போயிருப்பான். இத்தன வருசம் நீ நெஜமே பேசுனது வீண் போவல பாரு."

ராத்திரி முருகன் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். தண்டனை இருந்தால் எனக்குக் கொடு, அந்தப் பையனுக்கு ரயிலைக் கொடு என்றேன்.

இதற்குப் பிறகு நடந்ததை நான் சாமி கொடுத்தது என்பேன். என் வீட்டுக்காரர் அரசாங்கம் விட்டது என்பார். எது எப்படியோ, வெளிமாநிலத்து ஆட்களுக்காக நிஜமாகவே ரயில் விடுகிறார்கள், பெயரைப் பதிவு செய்யவேண்டும் என்று செய்தி வந்தது. என் வீட்டுக்காரர் போனை எடுத்துக்கொண்டு ஓடிவந்து முதலில் ஆட்டோக்காரரிடம் படித்துக் காட்டினார்.

அவர் நம்பவில்லை.

"சும்மா இரு மாப்ள. இது நான் உட்டது. சுத்திக்கினு திரும்ப நம்ம கிட்டயே வந்துக்கினு கீது."

"யோவ், நியூஸ்ல போட்டுக்கீறாங்கய்யா!"

"நியூஸ்காரனுக்கு எவனாவது சொல்லியிருப்பான்."

மூன்று பேர் சத்தியம் செய்தும் நம்பாமல், முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டி வரைக்கும் சைக்கிள் மிதித்துப்போய் விசாரித்துவிட்டு வந்தார். வந்ததும் தார்ப்பாய் போர்த்திய ஆட்டோவில் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். "தங்கச்சி, நெஜமாவே உடறானாம்" என்றார். பேய் அறைந்தவர் மாதிரி இருந்தார்.

பதிவு செய்ய அவருடைய நோட்டுதான் உதவியது. பெயர், ஆதார் நம்பர் எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் என் வீட்டுக்காரர் போனில் அடித்துக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தி, "இன்னாய்யா இது, ஒம்போது பேருக்கும் அப்பா பேர் ராமனா?" என்றார்.

"கேக்க மறந்துட்டேன் மாப்ள. இது எங்க போவப்போவுதுன்னு நானே போட்டேன்."

மறுபடியும் மண்டபத்துக்கு ஓடி ஒன்பது அப்பாக்களை எழுதிக்கொண்டு வந்தார்கள்.

முறை வருவதற்கு நாளாகிவிட்டது. அரசாங்க பஸ் வந்து ஒன்பது பேரையும் சென்னைக்கு, ரயிலுக்கு ஏற்றிப்போனபோது இருபத்தோராம் நாள் கடந்திருந்தது. ஜன்னல் வழியாகக் கைலாஷ் எங்களைக் கும்பிட்டான். சிரித்தானா என்று தெரியவில்லை, முகத்தில் துணி கட்டியிருந்தான். ஊருக்குப் போயும் வீட்டுக்குள் விடவில்லை, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தனியாக வைத்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். நாங்கள் சொன்ன பொய்யால்தான் அவனுக்குப் பெயர் வைக்கும் நாள் போயிற்றோ என்று எனக்கு உள்ளே அறுத்துக்கொண்டே இருந்தது. ஆட்டோக்காரரும் அந்த நாட்களில் அதிகம் பேசவில்லை. தூரம் கேட்டவர்களுக்குக்கூட, "தெரியலப்பா" என்றார். அதைக் கேட்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து, நாங்கள் வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது என் போன் அடித்தது. கைலாஷ். குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டே பேசுகிறானாம். மாமியார் பெயர் வைத்துவிட்டாளாம், அந்தப் பெயர் அவனுக்குப் பிடிக்கவில்லையாம், குழந்தை அவனைப் பார்த்து வீரிட்டு அழுகிறதாம். சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? அன்னிக்கு விளக்கு ஏத்தும்போது ட்ரெய்ன் வரும்னு சொன்னே. உனக்குத் தெரியாது, இல்ல?"

"தெரியாதுப்பா" என்றேன். "என்ன மன்னிச்சுடு."

"எனக்கு அப்பவே தெரியும் அக்கா. உனக்கு பொய் சொல்ல வரல. முகம் எல்லாம் வேர்த்துப் போச்சு. இப்படி ஒரு ஆளு சாமி முன்னாடி பொய் சொல்றாங்கன்னா, நான் ரோட்ல போனா நிச்சயம் செத்துருவேன்னு புரிஞ்சுது. அதான் நின்னேன்."

"அப்போ அண்ணன் சொன்னது?"

"ஆட்டோ அண்ணனா?" அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு. "அவர் பொய்னு ரெண்டாவது நாளே எங்க ஒம்பது பேருக்கும் தெரியும். ட்ரெய்ன் என்ன கலர்னு நான் கேட்டேன், நீலம் சொன்னார். மறுநாள் இன்னொருத்தன் கேட்டான், சிவப்பு சொன்னார். கால் ஆறட்டும்னு இருந்தோம், ராத்திரி பூரா சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். ஆட்டோக்காரர் கையில் கீரைக் காம்போடு என் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கழுத்தை நீட்டி, போனில் என்ன வருகிறது என்று கேட்கப் பார்த்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு தவிப்பு.

"இன்னா சொல்றான் தங்கச்சி? கோவமா கீறானா? என்னப் பத்திக் கேட்டானா?"

"கேக்காம இருப்பானாண்ணா?" என்றேன். "ஒம்போது பேரும் உங்க ஒரு வார்த்தைய நம்பித்தான் அங்க நின்னாங்களாம். நீங்க இல்லன்னா நாங்க இல்லன்றான்."

கொஞ்சம்கூட வேர்க்கவில்லை எனக்கு. பக்கத்து ஊருக்கு வழி சொல்வது மாதிரி வந்தது.

அவர் கீரைக் காம்பைக் கீழே போட்டார். துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். என் வீட்டுக்காரரைப் பார்த்து, "கேட்டுக்கினியா மாப்ள?" என்றார். முழுசாக நம்பிவிட்டார்.